பழைய ஆறு சக்கர நீர்நில வண்டியின் ஆக்சில் பேரிங்: அறிகுறிகளைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

நிலத்தில் ஓடி, நீரில் மிதந்து செல்லும் ஆறு சக்கரச் சிறுவண்டிகள் 1960களில் கனடாவில் தோன்றியவை. ஒன்டாரியோ மாகாணத்து நியூ ஹாம்பர்க்கில் 1967இல் முதல் ஆர்கோ வெளிவந்தது. எல்லைக்குத் தெற்கே ஒஹாயோவின் ராவென்னாவில் அட்டெக்ஸும், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் மேக்ஸும் உருவாயின. கொட்டகைகளில் பல ஆண்டுகள் கிடந்து இன்று மீண்டும் வெளியே இழுக்கப்படும் 1970களின் வண்டிகளில் இன்ஜினை எப்படியாவது ஓட வைத்துவிடலாம். ஆளைப் படுத்துவது ஆக்சில்தான்.

இதன் காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. சுமார் 2 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் நிரப்பப்படும் பலூன் டயர்களே அதிர்வைத் தாங்கும் உறுப்பு. தாங்காமல் விட்டது அனைத்தும் நேராகப் பேரிங்கில் இறங்கும். ஸ்டியரிங்கும் முன்சக்கரத்தைத் திருப்புவதால் நிகழ்வதன்று. ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களுக்குப் பிரேக் பிடித்து, மறுபக்கத்து மூன்றை ஓடவிட்டு வண்டியைத் தரையில் தேய்த்துத் திருப்புவதால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்சில் பக்கவாட்டில் நெம்பப்படுகிறது. ஒவ்வோர் ஆக்சிலையும் இரண்டு பேரிங்குகள் பிடித்திருக்கின்றன: ஒன்று வண்டியின் நடுச்சட்டத்தில், மற்றொன்று உடலின் பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு அருகில். ஆறு ஆக்சிலுக்குப் பன்னிரண்டு பேரிங்குகள். அவற்றில் வெளிப்புற ஆறும் முதலில் போகும்.

பேரிங்கை மாற்றுவது அரை நாள் வேலை. அது ஏன் போனது என்பதைக் கண்டறியாமல் மாற்றினால் அதே வேலையை அதே இடத்தில் மறுபடி செய்ய நேரும் என்பதால், கீழே ஒவ்வோர் அறிகுறியையும் அதன் மூலம் வரை தொடர முயன்றிருக்கிறேன்.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது

வண்டியை ஜாக்கியில் தூக்கி, சட்டத்தின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். பிளாஸ்டிக் உடலின் மீது ஸ்டாண்டு வைக்கவே கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் கைகளை வைத்து முன்னும் பின்னும் தள்ளவும். அதே நேரத்தில் இன்னொருவர் உள்ளிருந்து டார்ச் வெளிச்சத்தில் ஆக்சிலைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெளியில் ஒரே மாதிரித் தெரியும் ஆட்டத்துக்கு உள்ளே நான்கு காரணங்கள் இருக்கலாம்.

ஆக்சில் பேரிங்கின் உள்வளையத்துக்குள்ளேயே அசைந்தால் ஷாஃப்ட், அதாவது ஆக்சிலின் தண்டு, தேய்ந்திருக்கிறது, அல்லது பேரிங்கை அதன் மீது பூட்டும் சிறு திருகான கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. உள்வளையமும் ஆக்சிலும் சேர்ந்து அசைய, வெளிவளையம் மட்டும் நின்றால் பேரிங்கின் குண்டுகள் தேய்ந்துவிட்டன. பேரிங் முழுவதுமே, அதைச் சுவரோடு பிடித்திருக்கும் ஃபிளாஞ்சுக்குள் அசைந்தால் தகட்டு ஃபிளாஞ்ச் அகன்றுவிட்டது. ஃபிளாஞ்சோடு சேர்ந்து உடலின் சுவரே அசைந்தால் போல்ட் துளைகள் நீண்டிருக்கின்றன. இந்த நான்கில் ஒன்றுக்கு மட்டுமே புதிய பேரிங் முழுத் தீர்வு. நான்காவது நிலையில் உட்புறமாக மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி வைத்து, அதன் வழியாகப் போல்ட் போட்டால் சுமை பரவும்.

ஓடும்போது உறுமல் கேட்கிறது

பேரிங் சத்தமா செயின் சத்தமா என்று முதலில் பிரிக்க வேண்டும். செயின் சத்தம் தாளம் தப்பாமல் தட்டும். லோடு ஏறும்போதும் இறங்கும்போதும் மாறும். பேரிங்கின் உறுமல் வேகத்தோடு சுருதி ஏறுமே தவிர, லோடு மாறுவதால் அவ்வளவாக மாறாது. ஆனால் ஓடும் வண்டியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்வதைவிட, செயினைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுவது நம்பகமானது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஃபிளாஞ்சில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், நல்ல பேரிங்கில் மெல்லிய சீறல் மட்டும் இருக்கும். போன பேரிங்கில் மணலை அரைப்பது போலக் கேட்கும்.

சுற்றும்போது ஒரே இடத்தில் சிக்கிச் சிக்கிப் போனால், வண்டி பல ஆண்டுகள் அசையாமல் நின்றதன் அடையாளம் அது. குண்டுகள் ஒரே இடத்தில் அமர்ந்திருக்க, புகுந்த ஈரம் அந்த இடங்களில் துருக் குழிகளை உண்டாக்கியிருக்கும். அத்தகைய பேரிங்கில் எவ்வளவு கிரீஸ் ஏற்றினாலும் சத்தம் சில நாட்கள் அடங்குமே ஒழியக் குழி நிரம்பாது.

உடலுக்குள் தண்ணீர் புகுகிறது

ஆக்சிலைக் குறைசொல்லும் முன் அடியில் உள்ள வடிகால் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை முழு மாலையை அந்த மூடிக்காக வீணாக்கியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

மூடி சரியாக இருந்தால், உட்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஆறு ஆக்சில் துளைகளுக்கும் கீழே மடித்த செய்தித்தாளை ஒட்டவும். வண்டியைக் கயிற்றில் கட்டி, ஆழமில்லாத அமைதியான நீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டுப் பார்த்தால் எந்தத் தாள் நனைந்தது என்பது தெரிந்துவிடும். தாளின் நடுவில் மட்டும் ஈரம் இருந்தால் தண்ணீர் ஷாஃப்டை ஒட்டி, அதாவது அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வழியாக வந்திருக்கிறது. இருபுறமும் வழிந்திருந்தால் ஃபிளாஞ்சுக்கும் உடலுக்கும் இடையிலான ரப்பர் வாஷர் போய்விட்டது.

சீல் வழியாக வருவதுதான் பேரிங்கைக் கொல்வது. வேகமாக ஓடிச் சூடேறிய பேரிங் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்தச் சுருக்கம் சீலின் உதட்டைத் தாண்டி ஒரு சொட்டு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கோடைக்காலம் இப்படிச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிய பேரிங்கைத் திறந்தால், கிரீஸ் பால் ஊற்றிய காப்பியின் நிறத்தில் நுரைத்திருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்காது, நறநறக்கும்.

தனியாக ஆயில் சீல் பொருத்தப்பட்ட வண்டிகளில் அதன் உதடு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இன்ஜினில் எண்ணெயை உள்ளே வைத்திருக்கப் பழகிய கை, பழக்கத்தில் உதட்டை உட்புறமாகத் திருப்பி வைத்துவிடும். உதடு வெளியே பார்த்தால், வெளியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் உதட்டை ஷாஃப்டின் மீது இன்னும் இறுக்கும். உள்ளிருந்து ஏற்றும் கிரீஸ் பழைய அழுக்கைத் தள்ளிக்கொண்டு வெளியேற வழியும் கிடைக்கும். சீலை மாற்றும் முன் அது அமரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடிப் பார்க்கவும். நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புதிய சீலும் கசியும். சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்த இடமிருந்தால் தள்ளி அமர்த்தலாம்.

ஃபிளாஞ்சின் பின்னால் சிலிக்கானைப் பிதுக்கி வைப்பது பரவலான பழக்கம். பாலிஎத்திலீன் உடலில் எந்தப் பசையும் நிலையாக ஒட்டாது என்பதால் அங்கே ரப்பர் வாஷரை நம்புவதே சரி. காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் வகை இரும்பை அரிக்கவும் செய்யும்.

ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் சூடாகிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

பத்து நிமிடம் நேராக ஓட்டி நிறுத்தியதும் ஆறு சக்கரங்களின் மையத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும். எதுவும் சூடாகாமல் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பிரேக் முழுமையாக விடவில்லை. பேரிங்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தப் பேரிங் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, அல்லது புதிதாக மாட்டப்பட்டு அளவுக்கு மீறிக் கிரீஸ் ஏற்றப்பட்டிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கத்தின் முன் பின் பேரிங்குகள் அடிக்கடி போகின்றன என்றால் டயர்களின் சுற்றளவை அளக்க வேண்டும். ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களும் செயினால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்ற இரண்டும் ஒரு சுற்றுத்தான் சுற்ற முடியும். 22 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 175 செ.மீ. பக்கத்தில் புதிதாக மாட்டிய டயர் இரண்டு செ.மீ. கூடுதலாக இருந்தால், நூறு சுற்றுக்கு இரண்டு மீட்டர் வித்தியாசம் எங்கேயாவது தீர்ந்தாக வேண்டும். சேற்றிலும் புல்லிலும் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தார்ச் சாலையில் வழுக்காது. செயின் முறுக்கேறி, ஆக்சில்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். டயரைச் சுற்றி நூல் கட்டி அளந்து, காற்றைக் கூட்டிக் குறைத்து மூன்றையும் சமமாக்கவும். சாதாரண டயர் கேஜ் 2 பி.எஸ்.ஐ.யைக் காட்டவே காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் வேண்டும்.

செயின் தாவுகிறது, அல்லது உடலில் அடிக்கிறது

முதலில் செயினையே அளக்கவும். இவ்வண்டிகளில் பலவற்றில் இருக்கும் 50 எண் செயினில் கண்ணிக்குக் கண்ணி 15.875 மி.மீ.; புதியதாக இருந்தால் இருபது கண்ணி 317.5 மி.மீ. இருக்கும். அது 324 மி.மீ. ஆகிவிட்டால் செயினின் ஆயுள் முடிந்தது, அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் கூர்மையாகியிருக்கும். செயின் நன்றாக இருந்தும் தாவினால் உள் பேரிங் தேய்ந்து, ஆக்சில் சாய்ந்து, ஸ்ப்ராக்கெட் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கும். நேரான இரும்புப் பட்டையை இரு ஸ்ப்ராக்கெட்டுகளின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தால் சாய்வு கண்ணுக்கே தெரியும்.

தளர்வுக்குப் பயந்து செயினை வீணைத் தந்தி போல முறுக்குவது பேரிங்கை விரைவில் கொல்லும் இன்னொரு வழி. இரு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவே 50 செ.மீ. இடைவெளி இருந்தால் நடுவில் ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை தொய்வு இருக்கட்டும்.

பழைய பேரிங் ஆக்சிலிலிருந்து கழல மறுக்கிறது

கழற்றும் வரிசை இது: சக்கரம், தரைத் தகடு, செயினின் இணைப்புக் கண்ணி, உள் பேரிங்கின் காலர் (பேரிங்கை ஆக்சிலில் பூட்டும் வளையம்), உள் ஃபிளாஞ்சின் போல்ட்டுகள், வெளி ஃபிளாஞ்சின் போல்ட்டுகள், அதன்பின் ஆக்சிலை வெளிப்பக்கமாக உருவ வேண்டும். எதைத் தொடும் முன்பும் புகைப்படம் எடுக்கவும். நடு ஆக்சிலின் ஸ்ப்ராக்கெட் அமைப்பும் முன் பின் ஆக்சில்களின் அமைப்பும் ஒன்றாக இருப்பதில்லை.

நழுவி வர வேண்டிய பேரிங் வராததற்குப் பெரும்பாலும் காரணம் துரு அன்று, கிரப் ஸ்க்ரூ. அது ஷாஃப்டில் குத்திய இடத்தில் உலோகம் குழிந்து, குழியைச் சுற்றி எரிமலை வாய் போல ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றினாலும் அந்த விளிம்பு பேரிங்கின் துளையைக் கவ்விக்கொண்டு நிற்கும். இதை அறியாமல் சுத்தியால் அடித்தால், விளிம்பு ஷாஃப்ட் நெடுக உழுதுகொண்டே போகும். வெளிவரும் பேரிங்கோடு ஷாஃப்டும் வீணாகும். ஸ்க்ரூவை முழுமையாக எடுத்துவிட்டு, பேரிங்கை முதலில் உள்ளே நோக்கி ஒரு செ.மீ. தட்டி, வெளிப்பட்ட விளிம்பைச் சிறு அரத்தால் சீவிவிட்டுப் பிறகு வெளியே இழுத்தால் கையோடு வந்துவிடும். தட்டும்போது செம்புத் துண்டு வைத்து உள்வளையத்தில் மட்டுமே தட்டவும்.

எதற்கும் அசையாத பேரிங்கை வெட்டி எடுப்பதே மலிவு. வெளிவளையத்தை கிரைண்டரால் இரண்டு இடங்களில் அறுத்து நீக்கி, உள்வளையத்தை முக்கால் பங்கு ஆழம் வரை அறுத்து, உளியால் ஒரே அடியில் பிளக்கவும். முழு ஆழமும் அறுக்க முயன்றால் ஷாஃப்டில் தடம் விழும். கண்ணாடி கட்டாயம், கெட்டிப்படுத்திய எஃகு சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

புதிய பேரிங் சில வாரங்களிலேயே போகிறது

நான் அதிகம் பாடுபட்டது இதில்தான். என் வண்டியின் இடப்பக்க நடு ஆக்சிலின் வெளிப் பேரிங் ஒரே கோடையில் இரண்டு முறை போனது. இரண்டு முறையும் உதிரிப்பாகப் புத்தகம் சொன்ன அளவிலேயே, அதாவது ஓர் அங்குலத் துளையுள்ள 205-16 பேரிங்கையே மாட்டியிருந்தேன். மூன்றாம் முறைதான் ஷாஃப்டை அளக்க வேண்டும் என்று புத்தி வந்தது. மைக்ரோமீட்டர் 25.4 மி.மீ. காட்ட வேண்டிய இடத்தில் 25க்கும் சற்றுக் குறைவு, கால் சுற்று திருப்பினால் இன்னும் குறைவு. உற்றுப் பார்த்தபோது ஷாஃப்ட் நெடுகக் குறுக்காக எமரித் தாளின் கீறல்கள்.

நடந்ததை ஊகிக்க அதிக நேரம் ஆகவில்லை. பழைய பேரிங்கில் 205 என்ற எண் மட்டும் தெரிந்து, அதன் பின்னால் இருந்த 16 அழிந்திருக்கும். வெறும் 205 என்று கேட்டால் கடையில் 25 மி.மீ. துளையுள்ளது கிடைக்கும். வெளிவிட்டம் இரண்டுக்கும் 52 மி.மீ. என்பதால் ஃபிளாஞ்சில் கச்சிதமாக உட்காரும். ஷாஃப்டில் மட்டும் ஏறாது. முந்தைய உரிமையாளர் பேரிங்கைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதிலாக, அது கடந்து செல்ல வேண்டிய தூரம் முழுவதும் ஷாஃப்டைத் தேய்த்தே ஏற்றிவிட்டார். அந்த ஷாஃப்டில் நான் சரியான பேரிங்கைப் போட்டபோது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி; கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடிக்க, ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சில் தடம் மாறி ஓடியிருக்கிறது. ஸ்ப்ராக்கெட் ஏன் அதை ஷாஃப்டோடு பூட்டும் கீயில் கடகடத்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. லேத் பட்டறையில் புது ஷாஃப்ட் கடைந்து, பழைய ஹப்பைப் பற்றவைத்து, டயல் கேஜில் ஓட்டிப் பார்த்து மாட்டிய பிறகு அந்தப் பேரிங் அசையவில்லை.

கோட்டுக்குப் பின் வரும் எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளைக் குறிக்கும்: 205-16 என்றால் ஓர் அங்குலம், 206-18 என்றால் ஒன்றும் அரைக்காலும் (1⅛), 206-20 என்றால் ஒன்றே கால். பழைய வண்டிகள் அங்குல ஷாஃப்டில் கட்டப்பட்டவை என்பதால், எண்ணை நம்பாமல் ஷாஃப்டின் தேயாத பகுதியை அளந்தே வாங்கவும். ஓர் அங்குல ஷாஃப்ட் புதியதாக இருக்கும்போது பெயரளவைவிட 0.013 மி.மீ. வரைதான் குறைவாக இருக்கலாம். 0.05 மி.மீ.க்கு மேல் தேய்ந்த ஷாஃப்டை நான் மீண்டும் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு பொறி கிரீஸில் இருக்கிறது. ஃபிளாஞ்சில் கிரீஸ் நிப்பிள் இருப்பதைப் பார்த்து, தவறாமல் கிரீஸ் ஏற்றியும் பேரிங் வறண்டு போகிறது என்றால், பேரிங்கின் வெளிவளையத்தில் துளை இருக்கிறதா என்று பார்க்கவும். துளையில்லாத, மூடப்பட்ட வகையை மாட்டியிருந்தால் ஏற்றிய கிரீஸ் முழுவதும் வளையத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். துளையுள்ள வகையிலும் கிரீஸ் கன்னை மெதுவாக அழுத்தவும். இரண்டு மூன்று அழுத்தலுக்கு மேல் வேகமாகக் கொடுத்தால் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும். நீரைத் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் அல்லது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் ஏற்றது. பழையது எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுவதும் வழித்தெடுத்துவிட்டுத் தொடங்கவும்.

புதியதை மாட்டிய பின் ஆக்சில் இறுக்கமாகச் சுற்றுகிறது

இறுக்கிய வரிசைதான் தவறு. பேரிங்கின் வெளிவளையம் பந்து போல உருண்டிருப்பதால், ஃபிளாஞ்சுக்குள் அது தானே திரும்பி ஆக்சிலுக்கு நேராக அமரும். அதற்கு நாம் வாய்ப்பளிக்க வேண்டும். இரண்டு ஃபிளாஞ்சுகளின் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் முடுக்கி, ஆக்சிலைப் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றிவிட்டு, பிறகு மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கவும். ஒவ்வோர் இறுக்கலுக்கும் பின் ஆக்சிலை மறுபடி சுற்றிப் பார்க்கவும். காலர்களைக் கடைசியில்தான் பூட்ட வேண்டும்.

மையம் விலகிய காலர் உள்ள பேரிங்கில், காலரை ஆக்சில் சுற்றும் திசையிலேயே திருப்பிப் பஞ்ச் வைத்துத் தட்ட வேண்டும். வண்டி முன்னே செல்லும்போது இடப்பக்க ஆக்சில், உள்ளிருந்து பார்ப்பவருக்கு, கடிகார முள் திசையில் சுற்றும். வலப்பக்க ஆக்சில் எதிர்த்திசையில். ஒரு பக்கத்தை முடித்த கை மறுபக்கத்திலும் அதே திசையில் தட்டிவிடுவது இயல்பு. அப்படித் தட்டிய காலர் முதல் நாளே தளரும், ஆக்சில் மெல்ல வெளியே நகரத் தொடங்கும். ரிவர்ஸில் ஓடும்போது சரியாகப் பூட்டிய காலருக்கும் தளரும் போக்கு உண்டு என்பதால் கிரப் ஸ்க்ரூவில், திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு இடவும்.

செயினின் இணைப்புக் கண்ணியில் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின், பேரிங் ஆறியதும், தரைத் தகடுகளை மாட்டாமலேயே பன்னிரண்டு காலர்களின் ஸ்க்ரூக்களையும் ஆலன் கீயால் சோதிக்கவும். முதல்முறை இரண்டு மூன்றாவது கால் திருப்பு இடம் கொடுக்கும். அதன் பிறகே வண்டியைத் தண்ணீரில் இறக்கலாம்.